ஊட்டிக்கு ஏறும் வண்டியில் வெறும் தண்ணீர்

ஊட்டியில் தண்ணீர் 100 டிகிரி வரை காத்திருக்காது. 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம் என்பதால் இங்கே காற்றழுத்தம் குறைவு. ஒரு திரவத்தின் ஆவியழுத்தம், அதாவது ஆவியாகித் தப்பிக்க அது வெளியே தள்ளும் அழுத்தம், வெளிக்காற்றின் அழுத்தத்தை எட்டினால் அது கொதிக்கும், அவ்வளவுதான்.

ஒர்க்‌ஷாப்காரனுக்கு இது எதற்கு என்கிறீர்களா? பெரும்பாலான கார்களில், சூடான தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கும். இன்ஜின் 90ஐ ஒட்டி ஓடும். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர், மூடியின் ரப்பரும் போய்விட்டது என்றால், கொதிப்பதற்கு இன்னும் இரண்டு மூன்று டிகிரிதான் பாக்கி. மசினகுடியிலிருந்து கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏசி போட்டபடி, முதல் கியரில் இன்ஜினைக் கதறவிட்டு ஏறினால், தலைக்குந்தா வருவதற்குள் பானெட்டில் ஆவி பறக்கும்.

அந்த மூடியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங், குக்கர் வெயிட்டின் வேலையைச் செய்கிறது. வெளிக்காற்றைவிடச் சுமார் 1 பார் கூடுதல் அழுத்தத்தைப் பிடித்து வைத்தால், ஊட்டியிலும் தண்ணீர் ஏறக்குறைய 115 டிகிரி வரை கொதிக்காது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அந்த அழுத்தம் ஒரே நொடியில் போய்விடும். 110 டிகிரியில் அடங்கிக் கிடந்த திரவம் சட்டென்று ஆவியாகி முகத்தில் அடிக்கும். துணி போட்டு மெதுவாகத் திறக்கலாம் என்பார்கள், அதுவும் வேண்டாம். அரை மணி நேரமாவது ஆறவிட்டு, ரேடியேட்டரின் மேல் ஹோஸை அழுத்திப் பாருங்கள். சூடு இல்லாமல் மெத்தென்று இருந்தால்தான் திறக்கலாம்.

சரி, ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் கூலன்ட் என்ன செய்கிறது? பெரும்பாலும் அது எத்திலீன் கிளைக்கால். தண்ணீரில் அது கலந்ததும் மேற்பரப்பிலிருந்து தப்பிக்கும் நீர் மூலக்கூறுகள் குறைகின்றன, ஆவியழுத்தம் இறங்குகிறது. பிளஸ் டூவில் படித்த ரௌல்ட் விதிதான் இது. பாதிக்குப் பாதி கலந்த கரைசல், சமவெளியில் மூடி இல்லாமலே 107 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும்; உறைவதற்கு மைனஸ் 36 டிகிரி போல வேண்டும்.

டிசம்பர், ஜனவரி உறைபனிக்குத்தான் கூலன்ட் என்று இங்கே பலர் நம்புகிறார்கள். புல் வெள்ளையாகும் அளவுக்குக் குளிர் வந்தாலும், அது விடியற்காலைச் சில மணி நேரம்தான். அதில் ரேடியேட்டர் வெடிப்பது அபூர்வம். என் கணக்கில், நீலகிரியில் கொதிநிலையும் துருவும்தான் பெரிய கவலை.

நல்லதுதானே என்று கான்சன்ட்ரேட்டை, அதாவது தண்ணீர் கலக்காத கூலன்டை, அப்படியே முழுசாக ஊற்றுகிறவர்களும் உண்டு. வேண்டாம். தனிக் கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறையும், கலவையைவிட மோசம். தண்ணீர் சுமக்கும் வெப்பத்தில் பாதியைவிடக் கொஞ்சம் கூடத்தான் அது சுமக்கும். மாறாக, ‘ரெடி டு யூஸ்’ என்று எழுதிய டப்பாவில் ஏற்கெனவே தண்ணீர் கலந்திருக்கிறது. அதில் மேலும் கலந்தால் நீர்த்துப்போகும். ஓடைத் தண்ணீரை அடிக்கடி டாப்-அப் செய்தாலும் அதே கதைதான். வழியில் வேறு வழியில்லை என்றால், இன்ஜின் ஆறிய பிறகு ஊற்றுங்கள். ஊர் வந்ததும் விகிதத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடிப்போம். செறிவுக்கு ஏற்ப ஒளி வளைவதால், உள்ளே நீலமும் வெள்ளையும் பிரியும் கோடு அளவுகோலில் ஏறி இறங்கும். ஒரு நிமிட வேலை.

இன்னொன்று. கிளைக்கால் இனிக்கும், ஆனால் விஷம். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். கழற்றிய கூலன்டை ஓடையிலோ, நாய்கள் நக்கும் தரையிலோ விடாதீர்கள். யாராவது குடித்துவிட்டால் முதலில் போதை ஏறியதுபோலத்தான் தெரியும், சிறுநீரகம் அப்புறம்தான் அடிபடும். தெளிந்துவிடும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாற்று மருந்து உண்டு. டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள், டாக்டர் லேபிளைக் கேட்பார்.