ஆம்பிளியோபியா: சோம்பலா, மழுக்கமா?

அக்கா மகளுக்கு ஐந்து வயது. குலசேகரத்தில் அவள் படிக்கும் பள்ளிக்கூடத்துக்குக் கண் பரிசோதனை செய்ய ஆள் வந்திருந்தார்கள். வலது கண்ணை மூடியபோது எழுத்துகளைப் படித்தவள், இடது கண்ணை மூடியதும் அழ ஆரம்பித்துவிட்டாள். நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் சீட்டில் எழுதியது ‘ஆம்பிளியோபியா’. வாயால் சொன்னது ‘சோம்பேறிக் கண்’. வீட்டில் வந்து சொன்னதும் அம்மா கேட்டாள்: “கண்ணுக்கு என்ன மடி? புள்ள ராத்திரி பத்து மணி வரைக்கும் டிவி பாக்குதே.”

எங்கள் பக்கம் சோம்பலுக்கு ‘மடி’ என்றுதான் பேர். வள்ளுவர் ‘மடியின்மை’ என்று அதிகாரம் வைத்த அதே சொல். அம்மாவின் கேள்வியும் நியாயமானதுதான். கண்ணில் எந்த மடியும் கிடையாது.

ஆம்பிளியோபியா கிரேக்கத்திலிருந்து வந்த சொல். ‘ஆம்ப்ளிஸ்’ என்றால் முனை மழுங்கியது, ‘ஓப்ஸ்’ என்றால் கண். பழைய கிரேக்க மருத்துவர்கள் எல்லா மங்கலான பார்வைக்கும் இதையே சொன்னார்கள். பிற்காலத்தில் பொருள் குறுகியது: கண்ணைச் சோதித்துப் பார்த்தால் பெரும்பாலும் குறை ஒன்றும் இருக்காது, சரியான கண்ணாடி போட்டாலும் பார்வை முழுதாகத் தேறாது. டாக்டருக்கும் ஒன்றும் தெரியாது, நோயாளிக்கும் ஒன்றும் தெரியாது என்று கண் மருத்துவத்தில் ஒரு பழைய கேலி உண்டு. தமிழில் சொன்னால் அந்தக் கேலிக்கு இன்னும் கூர்மை வந்துவிடுகிறது.

குறை இருப்பது மூளையில். பார்வையைக் கையாளும் பகுதி தலையின் பின்பக்கம், பிடரிக்குச் சற்று மேலே இருக்கிறது. பிறந்த குழந்தைக்கு அது பாதி வேலை முடிந்த வீடு மாதிரி. கண் அனுப்பும் தெளிவான படங்களை வைத்துத்தான் மிச்ச வேலை நடக்கும். ஒரு கண் மாறுகண்ணாக இருந்தாலோ, இரண்டு கண்ணின் பவர் வெகுவாக வேறுபட்டாலோ (அக்கா மகளுக்கு இதுதான்), மூளை ஒரு கண்ணின் படத்தை எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிடும். மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லி ஒன்றும் செய்யாமல் விடுகிற வழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. அதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

மாறுகண், பவர் வேறுபாடு இரண்டும் போக, மூன்றாவது வகைதான் கடுமையானது: படமே உள்ளே போகாமல் போவது. இமை தொங்கிக் கண்ணை மறைத்தால் இப்படி ஆகும். பிறவிக் கண்புரையாலும் ஆகும். இந்தப் ‘புரை’ குமரிக்காரன் காதில் வேறு மாதிரி விழும். வீடு இருக்கும் நிலத்தை நாங்கள் ‘புரையிடம்’ என்போம். ஓலைக் கொட்டகையும் புரைதான். குறளில் ‘புரைதீர்ந்த நன்மை’ என்று வரும்போது புரை என்றால் குற்றம். கண்புரையை இந்தக் குற்றத்தோடு சேர்த்துப் புரிந்துகொள்வதே பொருத்தம். ஆங்கிலக்காரர் சொல்லும் ‘காட்டராக்ட்’ இன்னும் வேடிக்கை, அதற்கு அருவி என்றும் பொருள். மேலிருந்து ஏதோ நீர் இறங்கிக் கண்ணை மறைக்கிறது என்று அக்காலத்தில் நம்பினார்கள். திற்பரப்பில் அருவிக்குப் பின்னால் நின்றுகொண்டு வெளியே பார்த்தால் உலகம் எப்படித் தெரியுமோ அப்படி என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, படம் போகாவிட்டால் மூளையில் என்ன ஆகிறது? 1960களில் டேவிட் ஹ்யூபல், டார்ஸ்டன் வீசல் என்ற மூளை ஆராய்ச்சியாளர்கள் இருவரும் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மட்டும் சில மாதம் மூடி வைத்துப் பார்த்தார்கள். திறந்தபின் அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்லும் செல்கள் மூளையில் மிகச் சிலவே இருந்தன. அந்த இடத்தையெல்லாம் மற்றக் கண் எடுத்துக்கொண்டிருந்தது. ஆளில்லாத புரையிடத்தில் பக்கத்து வீட்டுக்காரன் வேலியை நகர்த்துவதுபோலத்தான். வளர்ந்த பூனையின் கண்ணை அதேபோல் மூடியபோது இப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆக, எவ்வளவு நாள் மூடியிருந்தது என்பதைவிட எந்த வயதில் மூடியிருந்தது என்பதே முக்கியம். 1981இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

மனிதர்களிடம் ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் இன்னொன்று தெரிந்தது. பிறவியிலேயே பார்வை இல்லாதவர்களுக்கு மூளையின் பார்வைப் புறணி (பார்வையைக் கையாளும் பகுதியின் மேலடுக்கு) பரப்பில் குறைந்தும் தடிமனில் கூடியும் இருக்கிறது. தடித்திருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் குழந்தை பார்த்துப் பழகப் பழக வேண்டாத நரம்பு இணைப்புகள் கழிக்கப்படுகின்றன. அந்த வயதில் புறணி மெலிவதும் வளர்ச்சிதான். பார்க்காத மூளையில் அந்தக் கழிப்பு சரிவர நடப்பதில்லை என்று கருதுகிறார்கள். ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தார் ஹைதராபாத் எல்.வி.பிரசாத் கண் மருத்துவமனையுடன் சேர்ந்து, பிறவிப் புரையைத் தாமதமாக நீக்கியவர்களை ஆராய்ந்தார்கள். பார்வை வந்தபிறகும் அவர்களுடைய புறணியில் அதே குறைந்த பரப்பும் கூடிய தடிமனும் இருந்தன. அதனால் தாமதமான அறுவை வீண் என்று நினைத்துவிடக் கூடாது. மூளை ஆராய்ச்சியாளர் பவன் சின்ஹாவின் ‘பிரகாஷ்’ திட்டத்தில், வட இந்தியாவில் பத்து வயதைத் தாண்டி அறுவை செய்துகொண்ட பிள்ளைகள்கூட முகத்தையும் பொருளையும் அடையாளம் காணத் தேறினார்கள். ஆனாலும் அடர்த்தியான பிறவிப் புரையை முதல் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர்கள் அவசரப்படுவது, அந்த வயது தவறினால் பார்வை முழுதாகத் தேறாது என்பதால்தான்.

இனி தமிழ்ச் சொல். ‘சோம்பேறிக் கண்’ ஆங்கில வழக்கின் நகல். பழியைக் கண்மேல் போடுகிறது. கேட்கும் பிள்ளை அதைத் தன்மேல் போட்டுக்கொள்ளும். ‘மந்தப் பார்வை’யிலும் அதே சிக்கல், வகுப்பில் ‘மந்தம்’ என்று யாரைச் சொல்வார்கள் என்று நமக்குத் தெரியும். எனக்குப் பிடித்தது ‘பார்வை மழுக்கம்’. கத்தி மழுங்கும், ஒளி மழுங்கும், புத்தியும் மழுங்கும். கிரேக்கச் சொல்லின் முனை மழுங்கலும் மங்கலும் தமிழ்ச் சொல்லில் அப்படியே கிடக்கின்றன. ரப்பர் பால்வெட்டுக்குக் கத்தியோடு போகிற எங்கள் ஊர்க்காரனுக்கு மழுக்கம் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. பரசுராமர் வீசியதாகச் சொல்லும் கோடரியான ‘மழு’வுக்கும் இதற்கும் உறவு உண்டா என்றால், ஒலி ஒத்துப்போகிறது, அதற்குமேல் நான் போக மாட்டேன்.

படமே உள்ளே போகாத அந்த மூன்றாவது வகையை ‘ஒளித்தடை மழுக்கம்’ என்று எழுத முதலில் நினைத்தேன். ஆனால் புரை விழுந்த கண்ணுக்குள்ளும் வெளிச்சம் ஓரளவு போகும், உருவம்தான் போகாது. அதனால் ‘காட்சித்தடை மழுக்கம்’.

அக்கா மகளுக்குக் கண்ணாடி கொடுத்து, நல்ல கண்ணைத் தினம் இரண்டு மணி நேரம் ஒட்டி மூடச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல கண்ணை மூடினால் மற்றது வேலை செய்யும் என்று 1743லேயே பிரான்சில் பூஃபோன் என்ற இயற்கை அறிஞர் எழுதியிருக்கிறார். ஏழு வயதுக்குள் என்றால் பலன் அதிகம். முதல் வாரம் ஒரே அழுகை. போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு அக்கா என்ன ஏது என்று விசாரித்தபோது, அம்மா முற்றத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தாள்: “புள்ளைக்க கண்ணு மழுங்கிப் போச்சாம். தீட்டினா சரியாவும்னு டாக்டர் சொல்லியிருக்காரு.” டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை.