மென்திறனில் மென்மை எங்கே இருக்கிறது?

போன மாதம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் மாடி அறையில் உட்கார்ந்திருந்தேன். லைன் சூப்பர்வைசர்களுக்கான பயிற்சி. கையேட்டின் தமிழைச் சரிபார்த்துக் கொடுத்தவன் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பயிற்சியாளர் பலகையில் பெரிய எழுத்தில் 'தலைமைக்கான மென்திறன்கள்' என்று எழுதினார். பேசுவது, கேட்பது, ஆட்களை நடத்துவது போன்றவற்றை ஆங்கிலத்தில் 'சாஃப்ட் ஸ்கில்' என்பார்களே, அதன் மொழிபெயர்ப்பு. முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்தார். இருபது வருடமாகத் தையல் லைனில் இருப்பவர்.

"ஏனுங்க சார், மென்மையா நடந்துக்கோணும்னு சொல்றீங்களா? ஷிப்மெண்ட் அன்னைக்கு அப்படி இருந்தா பீஸ் எப்படிங்க வெளிய போகும்?"

எல்லோரும் சிரித்தார்கள். "அப்படி இல்லைங்கம்மா, இது வேற மென்மை" என்று பயிற்சியாளர் சமாளித்தார். அந்த 'வேற மென்மை' எது என்று விளக்குவதிலேயே டீ வரும்வரை நேரம் போனது. எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. அந்தச் சொல்லை நான் கையேட்டில் மாற்றித்தான் கொடுத்திருந்தேன். அச்சாகி வந்தபோது பழைய 'மென்திறன்' திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது.

'சாஃப்ட் ஸ்கில்' என்பது கவிஞர் யாரோ கனிந்த மனதோடு படைத்த சொல் இல்லை. அமெரிக்க ராணுவத்தின் பயிற்சித் துறையில் புழங்கிய சொல். 1972 டிசம்பரில் டெக்சாஸின் ஃபோர்ட் பிளிஸ் முகாமில் இதற்கென்றே ஒரு மாநாடு நடந்தது. இயந்திரத்தோடு செய்யும் வேலை 'ஹார்ட்'. மனிதர்களோடும் தாள்களோடும் செய்யும் வேலை 'சாஃப்ட்' என்று தோராயமாக வரையறுத்தார்கள். படையணியைப் பார்வையிடுவது, அலுவலக ஆட்களை மேற்பார்ப்பது, அறிக்கை எழுதுவது எல்லாம் 'சாஃப்ட்' பக்கம். பாலத்தை வடிவமைப்பதுகூட அந்தப் பட்டியலில் இருந்தது! இதை ஆராய்ந்த விட்மோர், ஃப்ரை என்ற இருவர் கடைசியில் ஓர் உண்மையைப் போட்டு உடைத்தார்கள்: நமக்கு நன்றாகத் தெரிந்த வேலைகளை 'ஹார்ட்' என்கிறோம், அதிகம் தெரியாதவற்றை 'சாஃப்ட்' என்கிறோம், அவ்வளவுதான்.

ஆக, மூலத்தில் அந்த 'சாஃப்ட்' மென்மையைச் சொல்ல வந்ததே இல்லை. 'இரும்பு இல்லாதது' என்பதுதான் அதன் பொருள். மொழிபெயர்த்தவர் அகராதியைத் திறந்து முதல் பொருளை எடுத்துக்கொண்டார். இலக்கணப்படி சேர்த்தால் 'மென்றிறன்' என்று வர வேண்டும். அதை யாரும் எழுதப்போவதில்லை, விட்டுவிடுவோம்.

'மென்பொருள்' மட்டும் சரியா என்று கேட்பீர்கள். அது பரவாயில்லை. 'வன்பொருள்' என்று ஒரு ஜோடி இருக்கிறது, அது கையால் தட்டினால் சத்தம் வருகிற பொருள், அதற்கு எதிர்ப்பதம் இது. இந்த ஜோடிப் பொருத்தத்தைத் திறனுக்குப் போட்டுப் பாருங்கள். 'வன்திறன்'! வன்முறை, வன்சொல், வன்கொடுமை என்று புழங்குகிற காதில் 'வன்திறன் மிக்கவர்' என்பது வெல்டிங் தெரிந்தவரையா சொல்கிறது? போலீஸ் தேடுகிற ஆளை அல்லவா சொல்கிறது?

இதைவிடப் பெரிய கோளாறு வேரிலேயே இருக்கிறது. தமிழில் திறமையின் வேர் 'வல்'. வல்லவன், வல்லமை, வல்லுநர் எல்லாம் அதில் பிறந்தவை. 'மெல்' எதிர்ப்பக்கம் போகிறது: மெலிவு, மெலிந்தவன், மெலியார். 'மெலியார்' என்றால் வலுவில்லாதவர். அப்படியானால் மென்திறன் என்பது என்ன? திறமை மாதிரி ஒன்று, ஆனால் கொஞ்சம் சத்துக் குறைவு. அந்த அம்மாவின் காதில் விழுந்தது இதுதான். காதில் கோளாறு இல்லை.

இன்னொன்று. மென்திறன் பட்டியல் எதை எடுத்தாலும் முதலில் இருப்பது பேச்சு. அதற்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார், 65-ஆவது. அதன் பெயர் 'சொல்வன்மை'. வன்மை! தமிழ் தன் பழைய நூலில் எதை வன்மை என்று சொல்லிவிட்டதோ, அதை நாம் மெனக்கெட்டு மென்மை என்று மாற்றிச் சான்றிதழ் கொடுக்கிறோம்.

தலைமையில் இருப்பவர் செய்ய வேண்டிய காரியங்களை எண்ணிப் பார்த்தாலும் மென்மை கைக்கு அகப்படவில்லை. தவறு செய்தவரிடம் அதை முகத்துக்கு நேரே சொல்வது. எதிரில் இருப்பவர் நம்மைக் குறை சொல்லும்போது குறுக்கே பாயாமல் கேட்பது. வேலையை நம்பி ஒப்படைத்துவிட்டுப் பின்னாலேயே போய் நிற்காமல் இருப்பது. 'இது என் தப்பு' என்று பத்துப் பேர் முன்னால் ஒப்புக்கொள்வது. இதில் எது மெத்தென்று இருக்கிறது? 'செவிகைப்பச் சொற்பொறுக்கும் பண்புடை வேந்தன்' என்கிறது குறள். காது கசக்கக் கசக்கக் கேட்டுக்கொண்டு பொறுக்க வேண்டுமாம். 'கடிதோச்சி மெல்ல எறிக' என்பதில் 'மெல்ல' வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். அங்கேயும் ஓங்குவது கடுமையாக. விழுவது மட்டும் மெல்ல. முழுசாக மென்மை என்று வள்ளுவரும் சொல்லவில்லை.

சரி, வேறு சொற்கள்? 'வாழ்க்கைத் திறன்' என்று சிலர் எழுதுகிறார்கள். அது உலக சுகாதார நிறுவனம் 1990-களில் பள்ளிப் பிள்ளைகளுக்காக முன்வைத்த வேறொரு கருத்து. இரண்டையும் குழப்ப வேண்டாம். 'ஆளுமைத் திறன்' என்றால் சூட் போட்டுக் கைகுலுக்கும் படம்தான் கண்ணில் வருகிறது. 'தலைமைப் பண்பு' என்பது இன்னும் ஆபத்து. பண்பு என்றதும் 'அது அவருக்குப் பிறவியிலேயே இருக்கு' என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். பயிற்சி எதற்கு?

நான் கையேட்டில் போட்டிருந்த சொல் 'பழகுதிறன்'. 'அவர் எல்லோரிடமும் நன்றாகப் பழகுவார்' என்கிறோம். 'சைக்கிள் பழகுகிறான்' என்றும் சொல்கிறோம். ஆட்களோடு கலப்பது, செய்து செய்து கற்பது இரண்டையும் 'பழகு' என்கிற ஒரே வினை தாங்குகிறது. நமக்கு வேண்டிய இரண்டு பொருளும் அவையேதான். இது என் கண்டுபிடிப்பு என்று மார்தட்டவில்லை. பேச்சில் கிடந்ததைக் குனிந்து எடுத்தேன்.

இதற்குப் புலவர் நண்பர் ஒருவர் உடனே ஒரு குட்டு வைத்தார். 'சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்' என்று தொடங்கும் ஔவையின் தனிப்பாடல் எங்கே போய் முடிகிறது என்று கேட்டார். 'நட்பும் தயையும் கொடையும் பிறவிக் குணம்' என்று முடிகிறது. வரைவதையும் பேசுவதையும் நடப்பதையும் பழக்கம் என்ற ஔவை, மனிதரோடு மனிதர் இருக்கும் விஷயத்தைப் பிறவியின் கணக்கில் எழுதிவிட்டார். எனக்கு இதற்குச் சரியான பதில் இல்லை. தயை பிறவிக் குணமாகவே இருக்கட்டும். தயை இல்லாதவரும் குறுக்கே பேசாமல் இருக்கப் பழகலாம் என்று மட்டும் சொன்னேன். அவர் ஒப்புக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

நேர மேலாண்மை பழகுதிறனில் அடங்காதே என்றும் கேட்டார். அடங்காதுதான். அதைக் 'காரியத் திறன்' என்று தனியாக வையுங்கள். ராணுவம் 'தாள்' வேலையையும் ஆள் வேலையையும் ஒரே சாக்கில் கட்டியது என்பதற்காக நாமும் கட்ட வேண்டுமா?

நான் தனித்தமிழ் வெறியன் இல்லை. சூப்பர்வைசரை சூப்பர்வைசர் என்றுதான் இங்கேயும் எழுதியிருக்கிறேன். 'சாஃப்ட் ஸ்கில்' என்று அப்படியே எழுதினால்கூட எனக்குச் சம்மதம். அது யாரையும் ஏமாற்றாது. தெரியாதவர் 'அப்படின்னா என்ன?' என்று கேட்பார். 'மென்திறன்' தெரிந்த மாதிரி ஒரு மயக்கத்தைத் தந்து தப்பான வீட்டுக்குக் கூட்டிப் போகிறது. தூய தமிழ் உடுத்திய குழப்பத்தைவிடத் தெளிவான கடன்சொல் மேல்.

அதே கையேட்டில் வேறு முத்துகளும் இருந்தன. குறுக்கிடாமல் உன்னிப்பாகக் கேட்பதை ஆங்கிலத்தில் 'ஆக்டிவ் லிசனிங்' என்பார்கள். அதற்கு 'செயலில் கேட்பது' என்று போட்டிருந்தார்கள். இயந்திரம் மொழிபெயர்த்ததை மனிதர் படித்தே பார்க்கவில்லை என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம். 'காதுகொடுத்துக் கேட்பது' என்று நம் பாட்டிகள் சொன்னதில் என்ன குறை? காதைக் கழற்றியே கொடுக்கச் சொல்லும் மொழி இது. அடுத்தது, 'நல்ல தலைவருக்குப் பச்சாதாபம் தேவை.' பச்சாத்தாபம் என்ற வடசொல்லுக்குச் செய்ததை நினைத்து வருந்துவது என்று பொருள். ஊழியரின் கஷ்டத்தைத் தன் கஷ்டமாக உணர வேண்டும் என்று சொல்ல வந்து, தலைவர் கழிவிரக்கத்தில் அழ வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 'பரிவு' இருக்கிறது, 'ஒத்துணர்வு' இருக்கிறது. 'ஃபீட்பேக்'குக்குப் போட்ட 'பின்னூட்டம்' பற்றி நான் வாயைத் திறக்கப்போவதில்லை. திறந்தால் இன்று முடியாது.

இதற்கெல்லாம் தமிழில் சொல் இல்லாமலா போயிற்று? 'ஆளைக் கட்டி மேய்க்கத் தெரிந்தவர்', 'தட்டிக்கொடுத்து வேலை வாங்குவார்', 'நெளிவு சுளிவு தெரிந்த ஆள்' என்று பட்டறையிலும் வயலிலும் தினமும் சொல்கிறார்கள். அவர்களில் ஒருவரைக்கூடக் கேட்காமல் கலைச்சொல் பட்டியல் போடுகிறோம்.

மதிய உணவுக்குப் பிறகு கீழே லைனைச் சுற்றிப் பார்க்க விட்டார்கள். காலையில் கேள்வி கேட்ட அந்த அம்மா ஒரு புதுப் பெண்ணை மெஷினிலிருந்து எழுப்பித் தண்ணீர் கேன் பக்கம் கூட்டிப் போனார். கையில் தையல் கோணிப்போன நாலு கழுத்துப் பட்டைகள். மெஷின் சத்தத்தில் எனக்குப் பாதிதான் கேட்டது. "இது உன் கைதான் தைச்சதா கண்ணு? நேத்து நல்லாத்தான தைச்ச, இன்னைக்கு என்னாச்சு?" அந்தப் பெண் ஏதோ சொன்னாள். இவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். பிறகு குரலில் கண்டிப்போடு, "பிரிச்சுட்டு வா, நாலையும் நீயேதான் திரும்பத் தைக்கோணும்" என்றார்.

கிளம்பும்போது கையேட்டுச் சொல்லை ஏன் மாற்றினீர்கள் என்று பொறுப்பாளரிடம் கேட்டேன். "சார், பழகுதிறன்னு போட்டா இணையத்துல தேடுறப்ப எதுவும் வர மாட்டேங்குது" என்றார். சான்றிதழிலும் மென்திறன்தான். வாசலில் அந்த அம்மா அதைச் சுருட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டே போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "ஆமா கண்ணு, பேச்சு கிளாஸ் முடிஞ்சுது, வந்துட்டேன்."