ஆடு தொடாத நித்தியகல்யாணி

காரைக்குடிப் பக்கத்துச் செம்மண்ணில், நட்டவர் மறந்துபோன பிறகும் பூத்துக்கொண்டிருக்கும் செடி நித்தியகல்யாணி. மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட இந்தப் பல்லாண்டுச் செடிக்கு, பிரிட்டனின் அரச தோட்டக்கலைக் கழகம் தன் தோட்டச் சிறப்பு விருதை அளித்திருக்கிறது. அங்கே குளிர்காலத்தில் கண்ணாடிக் கூரைக்குள் வைத்துக் காப்பாற்றுகிறார்கள்; இங்கோ ‘சுடுகாட்டு மல்லி’ என்று சொல்லி, வாசலில் வைக்க ஆச்சிமார் சிலர் தயங்குவார்கள்.

வேலியில்லாத இடத்தில் எதை நட்டாலும் ஆடு மேய்ந்துவிடும் ஊர்களில், இதை மட்டும் அது முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. காரணம் இலைக்குள் இருக்கிறது. உயிரணுவின் நீர்ப்பைக்குள் ஸ்ட்ரிக்டோசிடின் என்னும் சேர்மமும், அதைச் சிதைக்கும் நொதி தனியாக உட்கருவுக்குள்ளும் அடைபட்டிருக்கின்றன. ஒரு புழு இலையைக் கடித்து உயிரணு உடைந்தால்தான் இரண்டும் கலக்கின்றன. கலந்த கணத்தில் உருவாகும் வேதிப்பொருள் அருகிலுள்ள புரதங்களைப் பற்றிக்கொண்டு அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது. வெடிமருந்தையும் தீக்குச்சியையும் வெவ்வேறு அறையில் பூட்டி வைத்ததைப் போன்ற ஏற்பாடு இது. இதே சேர்மத்திலிருந்து கிளைக்கும் வேதிவழியில்தான், உயிரணுப் பிரிவைத் தடுத்துப் புற்றுநோய்க்கு மருந்தாகும் வின்பிளாஸ்டினும் வின்கிரிஸ்டினும் செடியில் உருவாகின்றன. இலையில் அவற்றின் அளவு மிகமிகக் குறைவு. அதற்காக இலையைக் கொதிக்கவைத்துக் குடிப்பது ஆபத்து.

ஆண்டு முழுவதும் பூப்பதற்கும் எளிய விளக்கம் உண்டு. கிளை நுனி நீள நீள, புதிய கணுக்களில் ஓரிரு மொட்டுகள் தோன்றியபடி இருக்கும். வாடிய பூவைக் கிள்ளும் வேலையும் இல்லை; இதழ்கள் பெரும்பாலும் நிறம் கெடுவதற்கு முன்பே குழலோடு கழன்று விழுந்துவிடும். நுனியைக் கிள்ளிவிட்டால், பக்க மொட்டுகளை அடக்கி வைத்திருந்த ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி குறைந்து, செடி புதராகப் பரவும்.

இதைக் கொல்வது பெரும்பாலும் நம் கையிலுள்ள தண்ணீர்ச் செம்புதான். சித்திரை நண்பகலில், வேர் உறிஞ்சுவதைவிட இலை இழக்கும் நீர் கூடுதலாகும்போது இலைகள் தொங்கும். வெயில் தாழ்ந்தால் தாமாகவே நிமிரும். அதைப் பார்த்துப் பதறி ஊற்றும் தண்ணீர் மண்ணிலுள்ள காற்றை வெளியேற்றி வேரை மூச்சுத் திணறவைக்கிறது. பைட்டாப்தோரா என்னும் நோய்க்கிருமியின் வித்துகளோ ஈரத்தில் நீந்தியே வேரை அடைகின்றன. தண்டின் அடி கருத்து, மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடினால், அது தாகம் அன்று, அழுகல். அந்த வாட்டத்தைத் தாகம் என்று நினைத்து மேலும் ஊற்றி, நானே ஒரு தொட்டிச் செடியை இழந்திருக்கிறேன். விரலை ஒரு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்றுவது போதும். செட்டிநாட்டு வீடுகளில் நாற்புறக் கூரைத் தண்ணீரும் வளவு முற்றத்தில் கொட்டுவதால், ஐப்பசி மழை தொடங்கும் முன் தொட்டியை அங்கிருந்து நகர்த்திவிட வேண்டும்.

புதிய செடிக்கு, இரட்டையாகக் காய்க்கும் மெல்லிய காய்கள் பழுப்பேறி வெடிக்கும் முன் பறித்தால் கறுப்பு விதைகள் கிடைக்கும். அவை இருட்டில்தான் நன்றாக முளைக்கும் என்பதால், மேலே மெல்லிய மண்போர்வை அவசியம்.