நின்றால் துரு, ஓடினால் தேய்மானம்

பல ஆண்டுகளாகக் கிடப்பில் கிடந்த இராணுவக் கனரக வண்டி ஒன்று பட்டறைக்கு வந்து சேர்ந்தால், வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் குண்டுத் தழும்பைத் தேடுவார்கள். விவரம் தெரிந்த மெக்கானிக் கேட்பது வேறு: நின்றிருந்த காலமெல்லாம் புகைக்குழாயின் வாய் மூடியிருந்ததா, திறந்திருந்ததா?

காரணம் இருக்கிறது. ஆறு சிலிண்டர் எஞ்சின் எந்த நிலையில் நின்றுபோனாலும் ஏதாவது ஒன்றிரண்டு சிலிண்டர்களின் வெளியேற்று வால்வு திறந்தபடிதான் நிற்கும். அந்தச் சிலிண்டருக்கும் வெளி வானத்துக்கும் நடுவே கதவே இல்லை. வானத்தை நோக்கிய புகைக்குழாய் என்றால் மழைநீர் நேராக உள்ளே இறங்கும். மழை வராவிட்டாலும் ஈரக்காற்று போய்வரும். சுவரில் படிந்திருந்த எண்ணெய்ப் படலம் மெல்ல வடிந்து கீழே போய்விட, பிஸ்டன் வளையமும் சிலிண்டர்ச் சுவரும் தொடும் இடத்தில் துரு பிடிக்கும். ஆறு பிஸ்டன்களில் நான்கு புத்தம்புதிதாக மின்ன, மீதி இரண்டும் கல்லாய் இறுகியிருப்பதை எஞ்சினைப் பிரித்துப் பார்க்கிறவர்கள் அடிக்கடி காண்பார்கள். ஒரே எஞ்சின், ஒரே வயது. வால்வு நின்ற நிலைதான் வேறு.

போருக்குத் தப்பிய வண்டியைச் சும்மா நிற்பது கொன்றுவிடுகிறது. அதை மீட்பது எப்படி என்று பார்க்குமுன், இந்த வண்டிகள் எதற்காகப் படைக்கப்பட்டவை என்று தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் இவற்றில் எது எவ்வளவு துருப்பிடிக்கலாம், எதில் ஒரு புள்ளிகூடக் கூடாது என்பதை அந்த வேலைதான் முடிவுசெய்கிறது.

இரண்டாம் உலகப் போரில் டாங்கிகளை ஏற்றிச் சென்ற அமெரிக்க வண்டி டயமண்ட் டி 980. உற்பத்தி 1941இல் தொடங்கியது. அதன் வகைகள் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 6,000 வண்டிகள் வெளிவந்தன. 14.7 லிட்டர் ஹெர்குலிஸ் டீசல் எஞ்சின், சுமார் 200 குதிரைத்திறன். இன்றைய நடுத்தரக் கார்கள் பலவற்றிலேயே இந்தத் திறன் உண்டு. ஆனால் அந்தக் கார் 60 டன்னை இழுக்காது, இது இழுத்தது. எப்படி?

ஒரு சிறு கணக்கு போடுவோம். வண்டி, டிரெய்லர், டாங்கி எல்லாம் சேர்ந்து 60 டன். பத்துக்கு ஒன்று என்ற சரிவில் ஏற வேண்டும். சரிவை வெல்ல மட்டும் ஏறத்தாழ 6 டன் எடைக்குச் சமமான இழுவிசை தேவை. டயர்கள் உருள்வதற்கு இன்னொரு டன் என்று வைத்துக்கொள்ளலாம். 200 குதிரைத்திறன் என்பது 150 கிலோவாட். கியர்களில் கொஞ்சம் வீணானது போக மீதியை அந்த 7 டன் விசையால் வகுத்தால் வேகம் கிடைக்கும்: மணிக்குச் சுமார் 7 கிலோமீட்டர். விரைந்து நடக்கிற ஒருவர் பேசிக்கொண்டே கூட வரலாம். வேகத்தை விட்டுக்கொடுத்து விசையை வாங்கிக்கொள்ளும் பேரம் இது. அந்தப் பேரத்தை நடத்துவது, முதன்மை கியர் பெட்டியும் அதன் பின்னால் இருக்கும் துணை கியர் பெட்டியும். சமதளத்திலேயே இதன் உச்ச வேகம் மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர்தான்.

விசை மட்டும் இருந்தால் போதாது. சக்கரம் வழுக்காமல் தரையைப் பற்ற வேண்டும். உலர்ந்த சாலையில் 7 டன் இழுக்க, எஞ்சின் சுழற்றும் பின் சக்கரங்களின் மேல் சுமார் 12 டன் எடையாவது அழுத்த வேண்டும். அதனால்தான் டயமண்ட் டியின் முதுகில் ஓர் இரும்புப் பெட்டி இருக்கிறது. அதில் சுமார் 8 டன் பாரத்தை ஏற்றிக்கொண்டு அது அலைந்தது. சரக்கு இல்லை, வெறும் கனம். மீட்டெடுக்கிறவர்களில் சிலர் அந்தப் பெட்டியைக் காலியாக விட்டுவிட்டு, இழுக்கும்போது சக்கரம் சுற்றுகிறதே என்று வியப்பதுண்டு.

சரி, பட்டறைக்குத் திரும்புவோம். இறுகிய பிஸ்டனைச் சம்மட்டியால் அடிப்பது எல்லாருக்கும் முதலில் தோன்றும் யோசனை. எல்லாருக்கும் கடைசியில் வருத்தம் தருவதும் அதுதான். துரு, தான் தின்ற இரும்பைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு இடத்தை அடைக்கும். வளையத்துக்கும் சுவருக்கும் இடையே இருந்த மயிரிழை இடைவெளியை அது ஆப்பு வைத்ததுபோல் நிரப்பியிருக்கிறது. எனவே ஊடுருவும் எண்ணெயை ஊற்றி ஊறவிட வேண்டும். நாள் கணக்கில் அல்ல, வாரக் கணக்கில். இடையிடையே வெந்நீரை நீர்ச்சுற்று அறைகளில் ஓட்டினால் சுவர் துளி விரிந்து, எண்ணெய் இன்னும் கொஞ்சம் இறங்கும். பிறகு எஞ்சினோடு சேர்ந்து சுழலும் ஃப்ளைவீல் என்ற கனத்த சக்கரத்தின் பற்களில் நீண்ட நெம்புகோலை மாட்டி, முன்னும் பின்னுமாக அசைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பல் அளவுக்கு நகர்ந்தால் அன்றைக்கு அது போதும். மறுநாள் இரண்டு பல்.

போல்ட்டுகளிலும் இதே கதை. இங்கே வெப்பம் கைகொடுக்கும், ஆனால் எதைச் சுடுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். உருக்கு, ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு விரியும். நட்டைச் சுட்டால் அதன் நடுத்துளை சுருங்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் துளையும் பெரிதாகும். 24 மில்லிமீட்டர் துளையுள்ள நட்டை 400 டிகிரி சூடேற்றினால் துளை 0.1 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் விரிகிறது, ஏறக்குறைய ஒரு தலைமுடியின் பருமன். துருவின் பிடி நொறுங்க அது போதும். கொஞ்சம் ஆறியதும் மெழுகுவத்தியின் நுனியை மரையோரம் வைத்தால், உருகிய மெழுகு நுண்துளைக் கவர்ச்சியால் தானே உள்ளே உறிஞ்சப்படும். அதன்பின் ஸ்பேனருக்கு நட்டு இணங்கும் விதத்தைப் பார்த்தால், இத்தனை நாள் அடம்பிடித்தது இதுதானா என்றிருக்கும்.

துருவுக்குக்கூட மருந்து உண்டு. வெடித்த வார்ப்பிரும்புதான் பட்டறையின் பெரிய தலைவலி. குளிர்நாடுகளில் நீரை வடிக்காமல் நிறுத்திய எஞ்சினுக்குள் தண்ணீர் உறைந்து, 9 விழுக்காடு பெருத்து, விரல் பருமனான சுவரைப் பிளந்துவிடும். வெல்டிங் செய்தால் என்ன? வார்ப்பிரும்பில் கரிமம் அதிகம், ஏறத்தாழ 3 விழுக்காடு. வெல்டிங் சூட்டில் உருகிச் சட்டென்று ஆறும் பகுதி கண்ணாடிபோல் கடினமாகி நொறுங்கும் தன்மை பெறுகிறது. ஆறும்போது சுருங்கி, பக்கத்திலேயே புது வெடிப்பை உண்டாக்குகிறது. முழுக் கட்டையையும் அடுப்பில் வைத்துச் சூடேற்றி, மெல்ல ஆறவிட்டால் தப்பலாம். அரை டன் எடையுள்ள எஞ்சின் கட்டைக்கு அப்படியோர் அடுப்பு எல்லாரிடமும் இருக்காது.

எனவே தைக்கிறார்கள். உவமைக்குச் சொல்லவில்லை. வெடிப்புக்குக் குறுக்கே வரிசையாகத் துளையிட்டு, துளைகளை இணைத்து ஒரு பள்ளம் செய்து, அதே வடிவில் செய்த நிக்கல் கலவைத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளே அடித்து இறக்குவார்கள். இவை வெடிப்பின் இரு கரைகளையும் பிடித்துக்கொள்ளும். பிறகு வெடிப்பின் போக்கிலேயே மரையிட்ட ஆணிகளை, ஒன்றின் விளிம்பை அடுத்தது சற்றே கடிக்கும்படி, கடைசிவரை இறுக்கிச் செல்வார்கள். தலைகளை வெட்டி, அரத்தால் தேய்த்துச் சமன்செய்து, பின் அழுத்தம் கொடுத்துச் சோதிக்க வேண்டும். எங்கும் தீ மூட்டவில்லை. நல்ல கைக்காரர் செய்த தையல்மேல் வண்ணம் பூசிவிட்டால், வெடிப்பு எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

உதிரி பாகம் கிடைக்காதவர்கள் பரம்பரையைத் தேடுவார்கள். பிரிட்டனின் தார்னிக்ராஃப்ட் ஆண்டார் வண்டி நல்ல உதாரணம். பண்டைய அரபு வீரரும் கவிஞருமான அந்தராவின் பெயர் கொண்டது. அதன் தொடக்க வகைகளில் இருந்த ரோல்ஸ் ராய்ஸ் மீட்டியரைட் எஞ்சின் 18 லிட்டர், எட்டு சிலிண்டர். அதன் மூதாதை ஸ்பிட்ஃபயர் விமானத்தில் பறந்த 27 லிட்டர் மெர்லின். டாங்கிக்காக அதை மாற்றியமைத்தபோது மீட்டியர் ஆனது. பன்னிரண்டில் நான்கு சிலிண்டர்களைக் குறைத்தபோது மீட்டியரைட். கணக்கும் சரியாக வரும்: 27இல் மூன்றில் இரண்டு பங்கு 18. விமானக் குடும்பத்துப் பிள்ளை லாரிக்கு வந்து டாங்கி சுமந்தது.

கியர் பற்களையும் அச்சுகளையும் மட்டும் கண்ணால் பார்த்து நம்பக் கூடாது. மேலே போட்ட கணக்கின் விசை முழுவதும் அவற்றின் வழியாகத்தான் போகிறது. அச்சின்மேல் துரு குடைந்த ஒரு குழி, மற்ற இடத்தில் சீராகப் பரவும் இழுவிசையைத் தன்னிடத்தில் குவித்துக்கொள்ளும். ஆயிரக்கணக்கான சுற்றுகளுக்குப் பிறகு அங்கிருந்து வெடிப்பு தொடங்கும். சோதிக்கும் முறை எளிது. சிவப்புச் சாயத்தைத் தடவி, சற்று நேரம் விட்டுச் சுத்தமாகத் துடைத்துவிடுவார்கள். பிறகு வெள்ளைப் பொடியைத் தூவுவார்கள். வெடிப்பு இருந்தால், ஒளிந்திருந்த சாயம் பொடியில் மெல்ல ஊறி மேலே வரும். வெள்ளையில் ஒரு சிவப்பு நூல். அதைப் பார்த்த பின்னும் அந்த அச்சை வண்டியில் மாட்டுகிறவரோடு நான் பயணம் செய்யமாட்டேன்.

உயிருக்கு ஆபத்தான வேலை ஒன்று உண்டு: சக்கரம். அந்தக் கால இராணுவ ரிம்கள் பல, இரண்டு பாதிகளாகச் செய்து போல்ட்டால் இணைக்கப்பட்டவை. சக்கரத்தை அச்சோடு பிணைக்கும் நட்டுகள் ஒரு வட்டம், இரு பாதிகளைப் பிணைப்பவை இன்னொரு வட்டம். காற்று நிறைந்த டயர் அந்தப் பாதிகளைப் பத்து டன்னுக்கும் மேற்பட்ட விசையோடு பிரிக்கத் துடித்துக்கொண்டிருக்கும். தவறான வட்டத்தைக் கழற்றினால் ரிம் பீரங்கிக் குண்டாகிவிடும். முதலில் வால்வின் உள்ஊசியைக் கழற்றிக் காற்றை முழுதும் இறக்க வேண்டும். திரும்பக் காற்றடிக்கும்போது இரும்புக் கூண்டுக்குள் வைத்து அடிக்க வேண்டும். முகப்புப் பலகையின் பழைய மானிகளிலும் எச்சரிக்கை தேவை. இருட்டில் ஒளிர ரேடியம் பூசிய முட்கள் இன்று ஒளிர்வதில்லை. செத்தது ஒளிரும் துத்தநாகப் பூச்சு மட்டுமே. 1,600 ஆண்டு அரைவாழ்வு கொண்ட ரேடியத்துக்கு இந்த எண்பது ஆண்டு ஒரு பொருட்டே அல்ல. கண்ணாடியைத் திறந்து சுரண்டாமல் இருப்பதே புத்திசாலித்தனம். பிரேக் பட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ், வண்ணத்தில் ஈயம்: ஊதாதீர்கள், உலரத் தேய்க்காதீர்கள்.

வண்ணத்தைத் தேய்ப்பதிலும் ஒரு நிதானம் வேண்டும். மணல் பீச்சி ஒரே நாளில் வெள்ளை இரும்பாக்கிவிடலாம். வண்டியின் வரலாறும் அதோடு போய்விடும். பொறுமைசாலிகள் கதவின் ஒரு மூலையில் ஈரமான நுண்ணிய உப்புத்தாளால் வட்டமாகத் தேய்ப்பார்கள். மேலே கடைசி உரிமையாளர் பூசிய நிறம், அதன்கீழ் பச்சை, அதன்கீழ் மங்கிய பழுப்பு. மரம் அறுத்த வளையம்போல் தெரியும். சில நேரம் நடுவில் வெள்ளை எண்ணின் ஒரு கால் எட்டிப்பார்க்கும். வண்டி எந்தப் படைப்பிரிவில் இருந்தது என்பதற்கு அதைவிட நம்பகமான சாட்சி இல்லை. அப்படிக் கிடைத்ததை வெளியே தெரியும்படி விட்டுவைப்பதே என் விருப்பம். பளபளவென்று புதிதாகப் பூசிய வண்டி அழகாகத்தான் இருக்கும், ஆனால் எதையும் சொல்லாது.

இத்தனைக்கும் பிறகு எஞ்சின் உறுமி எழுந்ததும் உரிமையாளர் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினால் வண்டி நன்றாக இருக்கும் என்று நம்புவது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உருவாகிறது. டீசலின் ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து பிறக்கும் தண்ணீர் அது. சூடான எஞ்சினில் நீராவியாகப் போய்விடும். குளிர்ந்த எஞ்சினிலோ புகைக்குழாயிலும் எண்ணெய்த் தொட்டியிலும் பனிக்கும். ஐந்து நிமிட உறுமல், எஞ்சினுக்கு ஊட்டும் ஐந்து நிமிடத் தண்ணீர்.

வெளியிலும் இதே பகைவன்தான். 12 டன் இரும்பு இரவின் குளிரைக் காலை வெகுநேரம்வரை வைத்துக்கொண்டிருக்கும். வெதுவெதுப்பான காற்று அதைத் தொட்டதும் வியர்க்கும். கொட்டகை போட்டால் மட்டும் இது நிற்காது. காற்றின் ஈரப்பதத்தை 50 விழுக்காட்டுக்குக் கீழே வைத்திருந்தால் துரு ஏறக்குறைய ஓய்ந்துவிடுகிறது என்பதால், அருங்காட்சியகங்கள் ஈரம் உறிஞ்சும் கருவிகளை நம்புகின்றன. அங்கே வண்டி ஓட வேண்டியதே இல்லை. ஓட்டுகிறவர்களுக்கு அந்தச் சொகுசு கிடையாது. எண்ணெய் முழுதாகச் சூடேறும்வரை, முடிந்தால் பாரத்தோடு, ஓட்டியே ஆக வேண்டும். ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டரும் ஈடில்லாத அந்தக் கியர் பற்களைச் சற்றுத் தேய்க்கத்தான் செய்யும்.

ஓட்டி முடித்து வந்ததும் கடைசி வேலை வண்டிக்கு அடியில் இருக்கிறது. பிரேக்குக்கான காற்றுத் தொட்டியின் அடியிலுள்ள வடிகுழாயைத் திறக்க வேண்டும். அழுத்திய காற்றிலிருந்து பிரிந்த தண்ணீர், எண்ணெய் கலந்து பால்போல், கொஞ்சம் துருவின் நிறத்தோடு, சீறித் தெறிக்கும். திறந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வெறும் காற்று மட்டும் வரும்வரை திருகைப் பிடித்தபடி காத்திருப்பார்.