அட்டை வந்தாச்சு, பணம் எங்கே?

"யுடிஐடி அட்டை வந்து எத்தனையோ மாசம் ஆச்சு சார், இன்னும் பணம் ஏறல." தருமபுரியில் பிசியோதெரபி பார்க்கும் என் காதில் இது விழாத வாரமில்லை. யுடிஐடி என்பது மாற்றுத்திறனாளிகளுக்கு மத்திய அரசு தரும் அடையாள அட்டை. அது வந்தாலே உதவித்தொகையும் தானாக வந்துவிடும் என்று நம்புகிறார்கள். வராது. என்ன குறைபாடு, எத்தனை சதவீதம் என்பதற்கான அத்தாட்சிதான் அட்டை. உதவிக்குத் தனியாக மனு போட வேண்டும். எங்கே போடுவது என்பதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக வருவது பராமரிப்பு உதவித்தொகை, மாதம் 2,000 ரூபாய். கை கால் பாதிப்பென்றால் 75 சதவீதமாவது இருக்க வேண்டும். அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு என்றால் 40 போதும். வருவாய்த் துறை தருவது வேறு: மாற்றுத்திறனாளி ஓய்வூதியம், 2023 ஜனவரியில் 1,500 ஆக உயர்ந்தது. இதற்கு எல்லாருக்குமே 40 சதவீதம் போதும், ஆனால் குடும்ப வசதியைப் பார்ப்பார்கள். இ-சேவை மையத்தில் பதிய வேண்டும். விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) விசாரணை முடிந்து தாலுகா ஆபீஸில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தாசில்தாரிடம் போகும். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும்.

பர்கூர் பக்கம் கிரானைட் குவாரியில் கால் நசுங்கிய அண்ணன் ஒருவர் என்னிடம் நடைப்பயிற்சிக்கு வந்தார். முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். அந்த அளவு இழப்புக்குப் பெரும்பாலும் 60, 70 சதவீதம்தான் போடுவார்கள், அவருக்கு 60. அதை வைத்து 2,000 ரூபாய்க்கு மனு போட்டு, தகுதியில்லை என்று திரும்பியதும் சோர்ந்து உட்கார்ந்துவிட்டார். 1,500 ரூபாய் ஓய்வூதியம் என்று ஒன்று இருப்பதையே யாரும் அவரிடம் சொல்லவில்லை.

பக்கவாதம் வந்தவரை இரண்டாம் மாதமே பென்னாகரத்திலிருந்து ஆட்டோ பிடித்து சர்டிபிகேட்டுக்குத் தூக்கி வருவதும் வீண் அலைச்சல். நரம்பு சம்பந்தப்பட்ட பாதிப்பை ஆறு மாதம் கழித்துத்தான் மதிப்பிடுவார்கள். அந்த ஆறு மாதம்தான் பயிற்சியில் கை கால் நன்றாகத் திரும்பும் காலமும். அலைச்சலுக்கு ஆகும் காசைப் பயிற்சிக்குச் செலவழியுங்கள். தற்காலிகச் சான்று என்றால் காலாவதி தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள்.

"கொஞ்சம் பர்சன்டேஜ் ஏத்திப் போடச் சொல்லுங்க சார்" என்பவர்களும் உண்டு. சதவீதம் போடுவது நானல்ல. பொய்யாகச் சலுகை வாங்கினால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. சதவீதம் நியாயமாகவே குறைவு என்று தோன்றினால் அதே சட்டத்தின் 59ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம்.

அடுத்தது பார்க்கிங். சக்கர நாற்காலி படம் போட்ட இடம் வாசலுக்குப் பக்கத்தில் இருப்பதால் அதை நடைதூரம் குறைக்கும் சலுகை என்றே பலர் நினைக்கிறார்கள். தூரத்துக்கும் கணக்கு உண்டு, நுழைவாயிலிலிருந்து 30 மீட்டருக்குள். ஆனால் என் தொழிலில் எனக்கு முக்கியம் அகலம்தான்: 3.6 மீட்டர். காரிலிருந்து நாற்காலிக்கு மாறுவதை நான் இப்படித்தான் சொல்லித்தருகிறேன். கதவை முழுசாகத் திற. நாற்காலியைச் சீட்டுக்குச் சாய்வாக ஒட்டி நிறுத்து. இரண்டு பிரேக்கையும் போடு. கால் மிதியை ஒதுக்கு. அப்புறம் கையை ஊன்றி உடம்பை நகர்த்து. உதவிக்கு ஓர் ஆளும் பக்கத்தில் நிற்க வேண்டும். இதற்காகவே காருக்குப் பக்கத்தில் கோடு போட்டு விட்டிருக்கும் காலி இடத்தில் "அஞ்சு நிமிஷம்தானே" என்று ஒரு பைக்கை நுழைத்தால் கதவு பாதிதான் திறக்கும். உள்ளே இருப்பவர் இறங்கவே முடியாது. திரும்பி வரும்போது பைக் நின்றால் இன்னும் மோசம், வெயிலில் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கர் எந்தக் கடையிலும் கிடைக்கும், அது அத்தாட்சி ஆகாது. யுடிஐடி அட்டையை வண்டியிலேயே வைத்திருங்கள். கிருஷ்ணகிரி, தொப்பூர் சுங்கச்சாவடிகளிலும் ஸ்டிக்கரைக் காட்டி வாதாடிப் பயனில்லை. கட்டண விலக்கு, மாற்றுத்திறனாளி பயன்படுத்துவதற்கென்றே வடிவமைத்த வண்டிக்குத்தான். ஆர்சியிலும் அப்படியே பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பொது இடத்தில் இப்படியொரு பார்க்கிங் ஒதுக்கவே இல்லை என்றால் படம் எடுத்து, தேதி போட்டு, மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதுங்கள். அதே 2016 சட்டத்தை மீறினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க 89ஆம் பிரிவில் இடமிருக்கிறது.