ரோஜர் என்றால் சரியா?

காரைக்குடி வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்கு டிவி ஓடிக்கொண்டே இருக்கும். போன மாதம் முழுக்க ஒரு இன்வெர்ட்டர் பேட்டரி விளம்பரம் வந்தது. இந்தியில் எடுத்துத் தமிழில் குரல் கொடுத்தது என்று வாயசைவிலேயே தெரியும். விமானம் நடுவானில் குலுங்குகிறது. கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து ஒரு பெண் பதற்றமாகக் கேட்கிறார்: "கேப்டன், பவர் இருக்கா?" கேப்டன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி நம்மைப் பார்த்துச் சிரித்து, "ரோஜர்! ஓவர் அண்ட் அவுட்!" என்கிறார். திரையின் அடியில் தமிழில் எழுத்து வருகிறது: 'சரி! முடிந்தது!'

அப்பத்தா தேன்குழலைக் கடித்துக்கொண்டே கேட்டது: "ரோஜருங்கறது யாருடா, அந்தப் பைலட்டு பேரா?"

சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தால், அந்த விளம்பரத்தை எழுதியவரைவிட அப்பத்தாதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ரோஜர் ஓர் ஆளின் பெயர்தான். ஆனால் குறிப்பிட்ட எந்த ஆளையும் குறிக்காத பெயர்.

கதை தந்தியில் தொடங்குகிறது. மோர்ஸ் முறையில் தந்தி அடித்த காலத்தில், வந்த செய்தி முழுதாக வந்து சேர்ந்தது என்று எதிர்முனைக்குத் தெரிவிக்க ஆர் என்ற ஒற்றை எழுத்தைத் தட்டினால் போதும். 'பெறப்பட்டது' என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து அது. ஒரு புள்ளி, ஒரு கோடு, மறுபடி ஒரு புள்ளி. வானொலியில் குரலால் பேசத் தொடங்கியபோது ஒரு சிக்கல் வந்தது. இரைச்சலுக்கு நடுவே பி, டி, ஈ எல்லாம் ஒரே மாதிரி காதில் விழும். அதனால் எழுத்துக்கு ஒரு சொல் என்று வைத்துக்கொண்டார்கள். 1941-ல் அமெரிக்கப் படைகள் எடுத்துக்கொண்ட வரிசை ஏபிள், பேக்கர், சார்லி என்று போகும். அதில் ஆர் எழுத்துக்கு வந்த பெயர் ரோஜர். போர் நடந்துகொண்டிருக்கும்போதே பிரிட்டிஷ் விமானப்படையும் இந்த வரிசைக்கு மாறியது. ஆக, 'ரோஜர்' என்று ஒரு விமானி சொன்னால் 'ஆர்' என்று சொல்கிறார். 'ஆர்' என்றால் 'நீங்கள் சொன்னது முழுதும் எனக்கு வந்து சேர்ந்தது'. அவ்வளவுதான்.

1956-ல் இன்றைய பன்னாட்டு எழுத்து வரிசை நடைமுறைக்கு வந்தது. ஆல்ஃபா, பிராவோ என்று போகிற அந்த வரிசையில் ஆர் எழுத்து ரோமியோ ஆகிவிட்டது. ஆனால் பதிலாகச் சொல்லும் ரோஜரை யாரும் ரோமியோ ஆக்கவில்லை. நல்ல வேளை. "ரோமியோ! ஓவர்!" என்று ஒரு கேப்டன் சொன்னால் நம் ஊரில் வேறு மாதிரி விளம்பரம் எடுத்திருப்பார்கள்.

எங்கள் பக்கத்தில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு தொடர்பும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் போட்ட விமான ஓடுபாதை ஒன்று செட்டிநாட்டில் கிடக்கிறது. இன்று விமானம் ஏற வேண்டுமானால் மதுரைக்கோ திருச்சிக்கோதான் போக வேண்டும். அதனால் விமானிகள் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்பதை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது சினிமாவும் விளம்பரமும்தான். அவை சொல்லிக்கொடுப்பது தப்பாக இருப்பதுதான் என் குறை.

அந்தப் பேட்டரிக் கேப்டன் செய்த முதல் தப்பு, கேள்விக்கு ரோஜர் என்று பதில் சொன்னது. ஆமா, இல்லை என்று பதில் வேண்டிய கேள்விக்கு ரோஜர் சொல்லவே கூடாது என்று வானொலி நடைமுறையில் கண்டிப்பாகவே விதி இருக்கிறது. "சாப்பிட்டாச்சா?" என்று ஒருவர் கேட்க, "நீங்கள் கேட்டது காதில் விழுந்தது" என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படி. பவர் இருக்கிறதா இல்லையா என்பது அந்தப் பெண்ணுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அடியில் 'சரி' என்று போட்டது அதைவிடப் பெரிய தப்பு. தமிழில் 'சரி' ஒரு பொல்லாத சொல். கேட்டுக்கொண்டேன் என்பதற்கும் சரி, ஒப்புக்கொண்டேன் என்பதற்கும் சரி, செய்துவிடுகிறேன் என்பதற்கும் சரி, ஆளை விடு என்பதற்கும் சரி சரி. விமானத்தில் இவற்றுக்கெல்லாம் தனித்தனிச் சொல் உண்டு. ரோஜர் என்றால் கேட்டுக்கொண்டேன். அஃபர்ம் என்றால் ஆம். வில்கோ என்றால், புரிந்தது, அப்படியே செய்கிறேன். இந்த வில்கோவும் ஆள் பெயரில்லை. 'அதன்படி நடப்பேன்' என்ற ஆங்கிலத் தொடரின் இரண்டு சொற்களைத் தலையை மட்டும் வெட்டி ஒட்டியது.

எதற்கு இத்தனை கறார் என்றால், 1977 மார்ச் 27-ஐப் பார்க்க வேண்டும். ஸ்பெயினின் தெனெரிஃப் தீவு விமான நிலையத்தில் அன்று மேகம் தரையோடு இறங்கியிருந்தது. ஒரே ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள். பான் ஆம் விமானம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லை. மறுகோடியில் நின்ற கே.எல்.எம் விமானத்தின் கேப்டன், அனுமதி வருவதற்குள் ஓட்டத் தொடங்கிவிட்டார். துணை விமானி வானொலியில், நாங்கள் இப்போது டேக் ஆஃபில் இருக்கிறோம் என்கிற மாதிரி ஒரு வாக்கியம் சொன்னார். கோபுரத்திலிருந்து வந்த பதிலின் முதல் சொல் 'ஓகே'. 'காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன்' என்று கோபுரத்தில் இருந்தவர் தொடர்ந்ததும், 'நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்' என்று பான் ஆம் சொன்னதும் ஒரே நேரத்தில் மோதிக்கொண்டு வெறும் கீச்சொலியாகிவிட்டது. கே.எல்.எம் விமானிகள் காதில் தெளிவாக விழுந்தது 'ஓகே' மட்டும். 583 பேர் இறந்தார்கள். அந்த ஓகேவைத் தமிழில் சொன்னால் 'சரி'தான். அதற்கப்புறம்தான், ஓடி மேலே ஏற அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர வேறு எப்போதும் 'டேக் ஆஃப்' என்ற சொல்லையே எடுக்கக்கூடாது என்று ஆக்கினார்கள். முக்கியமான உத்தரவுகளுக்கு ரோஜர் என்று மட்டும் சொன்னால் போதாது, உத்தரவையே திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதையும் இறுக்கினார்கள்.

திருப்பிச் சொல்வது நமக்குப் புதிதில்லை. பலகாரக் கடைக்கு போன் போட்டால் கடைக்காரர், "சீப்புச் சீடை ரெண்டு கிலோ, மணகோலம் ஒரு கிலோ, மாவுருண்டை அம்பது" என்று ஒப்பித்துவிட்டுத்தான் வைப்பார். நான்தான் அந்தப் பழக்கம் இல்லாதவன். போன வருஷம் ஒரு விசேஷத்துக்கு முந்தின நாள், அதே கடையில் பலகாரத்தை வாங்கிக்கொண்டு வரும்படி அப்பத்தா போனில் சொன்னது. நான் பஸ்ஸில் நின்றுகொண்டு "சரி, சரி" என்றேன். எனக்கு அது ரோஜர். அப்பத்தாவுக்கு அது வில்கோ. வெறுங்கையோடு வந்து இறங்கியபோது, "சரின்னுதானேடா சொன்னே?" என்று கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

ஓவர் அண்ட் அவுட்டை விளக்குவது எளிது. பேசும்போது கேட்க முடியாது, கேட்கும்போது பேச முடியாது என்கிற கருவியில், நான் முடித்துவிட்டேன், இனி உங்கள் முறை, பதில் வேண்டும் என்பதற்குத்தான் ஓவர். பேச்சே முடிந்தது, பதில் வேண்டாம் என்பதற்கு அவுட். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். இதற்கு அகராதி புரட்ட வேண்டியதில்லை, நாம் போன் பேசுகிற தமிழே போதும். ஓவர் என்றால் "சொல்லுங்க". அவுட் என்றால் "வச்சிடறேன்". "சொல்லுங்க வச்சிடறேன்" என்று யாராவது பேசுவார்களா? அந்தக் கேப்டன் பேசுகிறார். இன்றைய பயணிகள் விமானங்களின் வழக்கமான வானொலிப் பேச்சில் இந்த இரண்டு சொற்களும் பெரும்பாலும் வருவதே இல்லை என்பது தனி.

போகிற போக்கில் இன்னொன்று. விமானத்துக் கறுப்புப் பெட்டி மாதிரி கருகருவென்று கூந்தல் என்று ஒரு சாயம் விற்கிறார்கள். கறுப்புப் பெட்டி பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். விபத்து நடந்த இடத்தில் சட்டென்று கண்ணில் பட வேண்டும் என்பதற்காக.

சரி, ரோஜருக்குத் தமிழ் என்ன? 'சரி' என்பதை நான் ஒப்ப மாட்டேன். 'ஆகட்டும்' அதைவிட மோசம், அது நேராக வில்கோ. 'பெற்றேன்' பொருளில் சரிதான், ஆனால் ரசீதில் கையெழுத்துப் போடுகிற மாதிரி இருக்கிறது. எனக்கு ஒத்துவந்த சொல் பெட்டகத்தில் கிடைத்தது. அப்பாவைப் பெற்ற ஐயா பினாங்கில் இருந்தபோது அப்பத்தாவுக்கு எழுதிய கடிதங்கள் ஒரு கட்டு இருக்கிறது. எல்லாமே, 'உன் கடுதாசி கிடைத்து சேதி அறிந்தேன்' என்றுதான் தொடங்குகின்றன. செய்யப்போகிற காரியம் என்றால் அதற்கென்று தனியாக, 'அந்தப்படியே செய்கிறேன்' என்று இன்னொரு வரி. ரோஜர் ஒரு வரி, வில்கோ ஒரு வரி. வைரத் தோடு கேட்டு அப்பத்தா மூன்று கடிதம் எழுதியிருக்கிறது. மூன்றுக்கும் பதிலில் முதல் வரி மட்டும்தான் இருக்கிறது. "அறிஞ்சேன்னு எழுதினா, அறிஞ்சதோட சரி" என்றது அப்பத்தா.

எழுத்தில் போட 'கிடைத்தது' போதும். டப்பிங் பேசுகிறவர் வாயில் உட்காரவும் செய்யும். ஆனால் பேச்சில் இதைவிடப் பழைய சொல் ஒன்று நம்மிடம் இருக்கிறது. சின்ன வயதில் வளவில் பாய் விரித்துப் படுக்கவைத்து அப்பத்தா கதை சொல்லும். "உம் கொட்டணும்" என்பது நிபந்தனை. அந்த 'உம்'முக்கு நான் ஒத்துக்கொண்டேன் என்று பொருளில்லை, செய்கிறேன் என்றும் பொருளில்லை. வந்து சேர்ந்தது, மேலே போ என்று பொருள். 'உம்' நின்றால் எதிர்முனை தூங்கிவிட்டது என்று கதையை நிறுத்திவிடும்.

இதை அப்பத்தாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. நேற்று மருந்து வாங்கிவரச் சொல்லி போன் வந்தது. வழக்கம்போல "சரி" என்றேன்.

"சரியா, உம்மா?" என்றது அப்பத்தா.