தடைக்காலத்துப் புழு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை சென்னை காசிமேட்டில் விசைப்படகுகள் கரையோரம் நெருக்கிக் கட்டிக் கிடக்கும். 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஆனால் படகில் வேலை நடப்பதே அப்போதுதான்: பலகை மாற்றுவார்கள், எஞ்சினைப் பிரிப்பார்கள், பெயிண்ட் அடிப்பார்கள். ராயபுரத்தில் வளர்ந்த எனக்கு, சி. எலிகன்ஸ் புழுவைப் பற்றிப் படித்தபோது இந்தக் காட்சிதான் நினைவுக்கு வந்தது.

ஒரு மில்லிமீட்டர் நீளம், இரண்டு மூன்று வார ஆயுள், பாக்டீரியாதான் சாப்பாடு. பட்டினியும் நெரிசலும் வந்தால் இதன் இளம்புழு வளர்ச்சியை நிறுத்திவிட்டு, ஒன்றும் தின்னாமல் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். 'டாவர்' நிலை என்பார்கள். புழுவின் தடைக்காலம்.

1993-இல் அமெரிக்க உயிரியலாளர் சிந்தியா கென்யன் குழு கண்டது இன்னும் விசித்திரம். டாஃப்-2 என்ற ஒரே மரபணு பழுதான புழுக்கள், டாவருக்குள் போகாமலேயே, இரண்டு மடங்குக்கும் மேல் வாழ்ந்தன. இழுத்துக்கொண்டு கிடக்கவில்லை, சுறுசுறுப்பாக நெளிந்தன. நம் செல்களில் இன்சுலினை உணரும் ஏற்பிக்கு உறவான ஒரு புரதத்தை உருவாக்கும் மரபணு அது. "சாப்பாடு இருக்கிறது, வளர், முட்டையிடு" என்ற சேதியை அந்தப் புரதம் செல்லுக்குள் கடத்தும். சேதி பலமாக இருக்கும்வரை டாஃப்-16 என்ற இன்னொரு புரதம் உட்கருவுக்குள் நுழைய முடியாது. சேதி மங்கினால் நுழைந்து, பழுதுபார்க்கும் மரபணுக்களை முடுக்கிவிடும். டாஃப்-16 இல்லாத புழுவுக்குக் கூடுதல் ஆயுளும் இல்லை. அதாவது, கடலுக்கும் போய்க்கொண்டே பழுதும் பார்த்துக்கொள்ளும் படகு!

சரி, எரிபொருளை மெதுவாக எரித்தாலே போதாதா? செல்லின் எஞ்சினான மைட்டோகாண்ட்ரியாவை லேசாக மந்தப்படுத்தினாலும் புழுவின் ஆயுள் கூடத்தான் செய்கிறது. 2002-இல் வெளியான சோதனையில் ஒரு முடிச்சு இருந்தது: இளம்புழுப் பருவத்திலேயே மந்தப்படுத்தினால்தான் பலன். வளர்ந்த பிறகு செய்தால் ஆற்றல் உற்பத்தி குறைகிறது, ஆயுள் கூடவில்லை. எஞ்சினில் எங்கே கை வைக்கிறோம் என்பதும் முக்கியம். அதே எஞ்சினின் ஒரு பாகத்தை உருவாக்கும் மெவ்-1 மரபணு கெட்டால் ஆயுள் குறைந்தே போகிறது. ஆகவே 'மெதுவாக எரித்தால் நெடுநாள் ஓடும்' என்ற பழைய விளக்கம் எனக்குப் போதவில்லை. இளமையில் தடுமாறிய மைட்டோகாண்ட்ரியா உட்கருவுக்கு அபாயச் செய்தி அனுப்பி, புரதங்களைச் சீராக மடிக்கும் காவல் மரபணுக்களை எழுப்பிவிடுவதும் தெரியவந்திருக்கிறது.

அப்புறம் ஏன் எல்லாப் புழுவும் இப்படி இல்லை? டாஃப்-2 பழுதான புழுக்களையும் சாதாரணப் புழுக்களையும் ஒரே தட்டில் கலந்து வளர்த்துப் பார்த்தார்கள். இளமையில் முட்டை குறைவாக இட்டதால், நீண்ட ஆயுள்காரர்களின் வம்சம் சில தலைமுறைகளிலேயே தட்டிலிருந்து காணாமல் போனது.